பின்பக்கம் ஒரு கதவு

மலாக்காப் பட்டணத்தில் எந்தப் பள்ளிக்கூடம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மருதமுத்துவைக் கேட்டால் போதும். எல்லாப் பள்ளிக்கூடத்தையும் அவர் பின்பக்கமாகப் பார்த்தவர். முன்பக்கத்தை யாரும் ஜோடித்து வைக்கலாம். கொடிமரம் நடலாம், குரோட்டன்ஸ் செடி வைக்கலாம். பின்பக்கம் அப்படி இல்லை. முனிசிபல் கக்கூஸ் வாளி லோரியில் பதினோரு வருஷம் ஓடியவருக்கு அது தெரியும்.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் பன்னிரண்டு வாளி. பின்னால் சிமெண்டு போட்ட நடை, ஒவ்வொரு சின்னக் கதவிலும் வெள்ளைச் சாயத்தில் எண். சீனப் பள்ளியில் எட்டு. கதவெல்லாம் தகரம்தான், ஆனால் கொக்கி சுத்தமாக விழும். வாரத்துக்கு ஒருநாள் யாரோ சுண்ணாம்பு தூவி வைத்திருப்பார்கள். மலாய்ப் பள்ளியில் நான்கு வாளியும், கைகால் கழுவ மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பாயும். காஜா பெராங்கில் இருந்த தமிழ்ப் பள்ளி மட்டும் அவர் வாளி எடுக்கும் இடங்களில் வரவே இல்லை. நூற்று முப்பது பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளியில் வாளியே கிடையாது. லோரி அந்தச் சந்து முனையைத் தாண்டும்போதெல்லாம் மருதமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அவர் மகள் கோகிலா அங்கேதான் ஐந்தாம் வகுப்புப் படித்தாள்.

லோரி ஓட்டுகிறவர் கம்போங் செட்டிக்காரர், மலாக்காவில் பல தலைமுறை கண்ட குடும்பம். பெயர் ஆறுமுகம் பிள்ளை. நெற்றி நிறையத் திருநீறு, குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழில் அவருக்கு எண்ணக்கூடத் தெரியாது. எல்லோரும் அவரைப் பாச்சிக் என்று கூப்பிட்டார்கள், சிற்றப்பா என்று அர்த்தம். தன் பிள்ளைகள் மூன்றையும் ஆங்கிலப் பள்ளியில் போட்டிருந்தார்.

"முத்து, லூ புஞா அனாக் பண்டாய்லா," என்பார். உன் பிள்ளை கெட்டிக்காரி, அவளை ஏன் அந்தத் தகரக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறாய் என்று மலாயில் கேட்பார்.

"அங்கேயும் அவள்தான் முதல்," என்று மருதமுத்துவும் மலாயிலேயே பதில் சொல்வார். அதில் பெருமை இருந்தது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கொட்டகை என்று பாச்சிக் சொன்னது பொய்யில்லை. நீளமாக ஒரே கூடம். ஆறு வகுப்பு, நான்கு வாத்தியார். நடுவில் கரும்பலகைகளைத் திருப்பி நிறுத்தினால் அதுவே சுவர். ஒன்றாம் வகுப்பு அ ஆ சொல்லும் இரைச்சலில் ஐந்தாம் வகுப்பு பின்னக் கணக்குப் போடும். மழை வந்தால் தகரத்தில் விழும் சத்தத்துக்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுத்து எழுதுவார்கள். அதையெல்லாம் கோகிலா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றிருந்தது. அதை அவள் வீட்டில் சொன்னதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருந்த தமிழ் டிரஸர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காலையில எத்தனை கிளாஸ் தண்ணி குடிப்ப?"

கோகிலா அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மாவ ஏன் பாக்குற? வாய் ஒன்னோடதுதான?"

"குடிக்க மாட்டேன்."

"மத்தியானம்?"

"வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன்."

"ஏன்?"

"குடிச்சா வரும்," என்றாள்.

டிரஸர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, மருந்து எழுதிக்கொடுத்தார்.

பையன்கள் பெரிய சாக்கடை ஓரத்துப் புதருக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் முன்பெல்லாம் பக்கத்து மலாய்க்கார அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா முகம் சுளித்ததே இல்லை. ஆனால் போன வருஷம் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்தாள். கோகிலா கண்டுபிடித்த வழி இது.

முனிசிபல் லைனில் அவர்கள் வீடு ஏழாம் நம்பர். ஓர் அறை, ஓர் அடுப்படி. மருதமுத்துவின் மனைவி பாக்கியலட்சுமி பசாரில் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்கிறவள். மிளகாய், மல்லி, சீரகம் தனித்தனியாக அரைத்து இலையில் உருட்டி வைத்திருப்பாள். மீன் வாங்கி வருகிறவர்கள் மீனைக் காட்டினால் அதற்கு எது எவ்வளவு என்று அவளே கிள்ளி வைப்பாள். நாள் முழுக்க அரைத்த கை, பேச்சிலும் காரம் குறையாது.

"போதும்ங்க படிச்சது," என்றாள். அன்றைக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும். கோகிலா பாயில் படுத்திருந்தாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சு போச்சு. எங்கூட பசாருக்கு வரட்டும். பசார்ல கொழா இருக்கு, கக்கூஸ் இருக்கு. மீன் வெட்டுறவளுக்கு இருக்கிறது படிக்கிற புள்ளைக்கு இல்ல."

"பரிச்சைக்கு ஒரு வருஷந்தான் இருக்கு புள்ள. தேறிட்டா இங்கிலீஷ் ஸ்கூல்ல எடுத்துக்கறாங்களாம். சர்க்கார்லயே சொல்லிட்டாங்க."

"பரிச்சை எழுதறதுக்குள்ள குண்டிக்கா போயிரும். அப்பறம் என்னத்தக் கட்டிக் குடுப்பீங்க, சட்டிபிக்கேட்டையா?"

"நான் போவேன்," என்றது பாயிலிருந்து குரல்.

"தண்ணி குடிச்சிட்டுப் போவியா?"

பாயில் போர்வை தலைக்குமேல் ஏறியது.

"பாத்தீங்களா. ஒங்க மகதான், வேற யாரு? வாயத் தொறந்து கேக்கத் தெரியாது, வயித்தக் கட்டத் தெரியும்." பாக்கியம் கஞ்சிச் சட்டியை மூடினாள். "ஊரெல்லாம் அள்ளுறீங்க. ஒங்க புள்ள போறதுக்கு ஒரு எடம் இல்ல."

அது சரியான இடத்தில் விழுந்தது.

மறுநாள் வேலை முடிந்து மருதமுத்து இரண்டு முறை குளித்தார். கார்பாலிக் சோப்பு போட்டு ஒருமுறை, வாசனைச் சோப்பு போட்டு ஒருமுறை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றார். எந்தப் பள்ளியிலும் முன்வாசல் வழியாக அவர் நுழைந்ததில்லை. கோகிலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோதும் பாக்கியம்தான் வந்தாள்.

தலைமையாசிரியர் தேவதாஸ் இரண்டு வகுப்பு நோட்டுகளை ஒரே மேசையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத கால்சட்டை.

"கோகிலா அப்பாவா? வாங்க, உக்காருங்க. காய்ச்சல் தேவலையா?"

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுதான் இருந்தது. மருதமுத்து உட்கார்ந்ததும் முழங்கால் மார்புக்கு வந்தது.

"தேவலைங்க. பெரிய வாத்தியாரே, ஒரு கக்கூஸ் வேணும்."

தேவதாஸ் அவரைப் பார்த்துவிட்டு வெளியே கைகாட்டப் போனார். கைகாட்ட இடமில்லை என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கினார்.

"எனக்கில்லிங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு."

டிரஸர் சொன்னதையும் மகள் சொன்னதையும் மருதமுத்து சொன்னார். முடிந்ததும் தேவதாஸ் எழுந்து போய் வருகைப் பதிவேடுகளை எடுத்து வந்தார்.

"ஒன்னாம் வகுப்புல பொண்ணுங்க பத்தொம்பது. ரெண்டுல பதினஞ்சு. நாலுல ஒம்பது. அஞ்சுல நாலு." விரலை வைத்தபடியே இருந்தார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நம்ம ஜனங்களுக்குப் பொண்ணு படிப்புல அக்கறை இல்லைன்னு நெனச்சேன். மூணு வருஷமா ரிப்போர்ட்டுலயும் அதத்தான் எழுதி அனுப்புறேன். பெற்றோர் அசட்டை."

"எம் பொண்டாட்டி அசட்டை இல்லிங்க. பயந்துட்டா."

"தெரியுது." பதிவேட்டை மூடினார். "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாமாருங்க வந்து கேக்கறது எல்லாம் ஒன்னுதான். நல்லா அடிச்சு வளத்துங்க. கக்கூஸ் கேட்ட மொத ஆளு நீங்க."

"கேக்க வெக்கமாத்தான் இருந்திச்சு."

"எனக்குத்தான் வெக்கமா இருக்கு. நீங்க என்ன வேல செய்றீங்க?"

மருதமுத்து பெஞ்சின் விளிம்பைத் தடவினார். "முனிசிபல்ல," என்றார்.

தேவதாஸுக்குப் புரிந்திருக்கும். வாசனைச் சோப்புக்கு அடியில் கார்பாலிக் வாடை இருக்கத்தான் செய்தது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கோகிலாவும் பள்ளியில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அப்பா முனிசிபல்ல வேல செய்றாரு. முனிசிபலில் கணக்கு எழுதும் கிராணியும் இருக்கிறார், ரோடு கூட்டுகிறவரும் இருக்கிறார்; கேட்கிறவர் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

சர்க்கார் வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுத்தது. கட்டடம் பள்ளிக் கமிட்டியின் பொறுப்பு. கமிட்டித் தலைவர் கலியாணசுந்தரம், துணிக்கடை முதலாளி; கமிட்டியில் அடுத்த பெரிய மனிதர் பண்டார் ஹிலிரில் அரிசிக்கடை வைத்திருந்த அப்துல் ஹமீது. அந்த மாதம் ஊரே மெர்டேக்காவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம். கமிட்டி பள்ளி வாசலில் அலங்கார வளைவு ஒன்று கட்டத் தீர்மானித்திருந்தது. தேவதாஸ் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கமிட்டி முன்னால் விரித்தார். வளைவு ஒரு வாரம் நிற்கும், இது பல வருஷம் நிற்கும் என்று ஹமீது சொன்னாராம். தலைவர் கொஞ்சம் யோசித்து, சரி, ஆனால் நன்றாகக் கட்டுவோம், நான்கு பேர் பார்த்து மெச்சும்படி இருக்க வேண்டும், படம் நானே போட்டுத் தருகிறேன் என்றாராம்.

செய்தி கேட்டதும் பாக்கியம் மசாலாக் கையோடு வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஒங்களுக்குப் பேசத் தெரியுமா?" என்று கேட்டாள். பசாருக்கு வரும் பேச்சை அத்தோடு விட்டாள். தினமும் ஒரு போத்தல் மல்லித் தண்ணீர் கொடுத்து, அரை நாள் மட்டும் போய் வா என்று மகளை அனுப்பினாள்.

கட்டடம் எழுந்த நாட்களில் மருதமுத்து அந்தப் பக்கம் போக முடியவில்லை. விழாவுக்காகப் பட்டணத்தைத் துப்புரவாக்க அவரைப் பண்டார் ஹிலிர் வழிக்கு மாற்றியிருந்தார்கள். செங்கல் வந்தது, ஓடு வந்தது, பச்சைப் பெயிண்டு அடிக்கிறார்கள் என்று கோகிலா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

மெர்டேக்காவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. தென்னங்குருத்துத் தோரணம், வாடகை ஒலிபெருக்கி, பெரிய அண்டாவில் ரோஸ் சிரப், இலையில் கேசரியும் அவித்த கடலையும். பெற்றோர்கள் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கட்டடத்துக்கு முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கோகிலாவும் அவள் வகுப்புத் தோழி கமலவேணியும் ஆளுக்கொரு பக்கம் தாம்பாளத்தைப் பிடித்து நின்றார்கள். அதில் பட்டுத்துணி, துணிமேல் கத்தரிக்கோல். வகுப்பில் முதல் என்பதால் கோகிலா. தலைவரின் தம்பி மகள் என்பதால் கமலவேணி.

கட்டடம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பச்சைக் கதவு, மேலே சிவப்பு ஓடு, நடுவில் உபயதாரர் பெயர் வெட்டிய வெள்ளைக்கல். எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள். மருதமுத்து பழக்கத்தில் பின்னால் போனார்.

பின்னால் சுவர். புதுச் சுண்ணாம்பு அடித்த, ஒரு கீறல் இல்லாத, முழுச் சுவர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மாட்டைத் தடவுவதுபோல் அவர் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். அங்கே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த கொந்தராத்துக்காரர் நல்லையா சிரித்தார்.

"என்னண்ணே, தடவிப் பாக்குறீங்க? கலவை நயம் கலவை."

"கதவு எங்க?"

"முன்னாடி ரெண்டு இருக்கே."

"பின்னாடி?"

"பின்னாடி எதுக்குக் கதவு? கள்ளன் பூறவா?"

"வாளி எங்க இருக்கு?"

"உள்ள, மேடைக்கு அடியில."

"அத எப்படி எடுக்கறது?"

நல்லையா வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார். சுவரைப் பார்த்தார். மருதமுத்துவைப் பார்த்தார். "தலைவர் போட்டுக் குடுத்த படத்துல அது இல்லியே," என்றார் மெதுவாக.

இருக்காது. தலைவர் வாழ்நாளில் கக்கூஸுக்கு முன்பக்கமாகப் போய் முன்பக்கமாக வந்தவர். மற்றதெல்லாம் அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடும். கமிட்டியில் இருந்த ஒன்பது பேரும் அப்படித்தான். நல்லையாவும் கொடுத்த படத்தைப் பார்த்துக் கட்டினார். வாளி தானாக நிறையும், தானாகக் காலியாகும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

மருதமுத்து போய்த் தேவதாஸின் காதில் சொன்னார். தலைவர் அப்போது ஒலிபெருக்கி முன்னால் நின்று, நாடு விடியப் போகிற நேரத்தில் நம் பள்ளியும் விடிகிறது என்று பேசிக்கொண்டிருந்தார். தேவதாஸ் மேடையேறி அவர் பக்கம் குனிந்தார். தலைவர் எரிச்சலோடு திரும்பிச் சொன்ன பதில் ஒலிபெருக்கியில் விழுந்து திடல் முழுக்கக் கேட்டது.

"அதெல்லாம் அள்ளுறவன் பாத்துக்குவான் சார்."

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டுக் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார்.

பேசாமல் இருந்திருக்கலாம். முனிசிபலிலிருந்து கடிதம் வரும், கமிட்டி கூடும், மூன்று நான்கு மாதத்தில் ஏதாவது நடக்கும். அதற்குள் வாளி நிறைந்து கதவுக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். கோகிலா மறுபடி காலையில் வெறும் வாயோடு கிளம்புவாள். பேசினால், தாம்பாளத்தோடு நிற்கும் பிள்ளை இத்தனை பேர் நடுவில் இன்னார் மகள் என்று ஆகிவிடுவாள். மருதமுத்து இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். நிறுத்து முடிப்பதற்குள் கால் முன்னால் போய்விட்டது.

"முதலாளி, கொஞ்சம் நில்லுங்க," என்றார். "அள்ளுறவன் நான்தான்."

சிரிப்பு நின்றது.

"பின்பக்கம் கதவு இல்லிங்க. கதவு இல்லாம வாளிய எடுக்க முடியாது. எடுத்தாகணும்னா உள்ள இருக்கிற மேடைய ஒடைச்சு, முன்வாசல் வழியா எடுத்து, இந்தத் திடலத் தாண்டி, இந்தா இந்தக் கேட்டு வழியா லோரிக்கு நான் தூக்கிட்டுப் போகணும். தூக்கறதுக்கு நான் வெக்கப்படலிங்க. புள்ளைங்க வரிசையில நிக்கிற எடம், சோறு திங்கிற எடம். மூணு நாள் தாங்கும். நாலாம் நாள் நீங்களே பூட்டுப் போட்டுருவீங்க. இந்தப் பட்டணத்துல அப்படிப் பூட்டுனது எத்தனைன்னு எனக்குத் தெரியும்."

"நீ யாரு? இங்க எப்படி வந்த?" என்றார் கலியாணசுந்தரம்.

"கோகிலா அப்பாங்க."

நூறு தலையும் ரிப்பன் பக்கம் திரும்பியது. கமலவேணி தாம்பாளத்தை விட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். தாம்பாளம் சாய்ந்தது, கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தது. கோகிலா இன்னொரு கையைக் கொடுத்துத் தாங்கி, நேராக்கி, தனியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. மருதமுத்து அதைப் பார்த்தார்.

அரிசிக்கடை ஹமீது நாற்காலியிலிருந்து எழுந்து கைலியை இறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். நேரே பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"கலியாணசுந்தரம், அல்லாவே, நாம ஒம்பது பேரு கூடி ஒரு பொட்டி செஞ்சு வெச்சிருக்கோம்யா. தொறக்க வழி மட்டும் இல்ல." மருதமுத்துவிடம் திரும்பினார். "தம்பி, கதவு எவ்வளவு அகலம் வேணும்?"

"பதினெட்டு அங்குலமுங்க. ரெண்டடி ஒசரம். கீலு மேல இருக்கணும். தூக்கினா தூக்கணும், விட்டா தானா விழணும். அடியில சிமெண்டு சரிவா வெளிப்பக்கம் எறங்கணும், இல்லைன்னா மழத்தண்ணி உள்ள போயிரும்."

"நல்லையா, கேட்டியா? உளி இருக்கா?"

"கடையில இருக்கு முதலாளி."

"ஓடு."

கலியாணசுந்தரம் ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். இறங்கி மருதமுத்துவின் அருகில் வந்தார்.

"என் வீட்டுக்கும் நீதான் வர்றியா?"

"ஆமாங்க. எரநூத்திப் பதினாலு."

"என்னது?"

"ஒங்க வீட்டு வாளி நம்பருங்க."

பதினைந்து வருஷமாக இருக்கும் வீடு. அப்படி ஓர் எண் தன் வீட்டுக்கு இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிப்பன் அன்றைக்கு வெட்டப்படவில்லை. கேசரியை மட்டும் எல்லோரும் சாப்பிட்டார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவரில் உளி விழும் சத்தம் மத்தியானம் வரை கேட்டது. மருதமுத்து பக்கத்தில் நின்று அளவு சொன்னார். கீல் இரண்டும் மறுநாள் தலைவரின் துணிக்கடையிலிருந்து வந்தன. பித்தளைக் கீல், முதல்தரம். சீட்டு எதுவும் கூட வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கோகிலா இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அடுப்படியில் பாக்கியம் புருஷனிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஊரக் கூட்டி வெச்சுச் சொல்லிட்டீங்க."

"சொல்லாம என்ன செய்யச் சொல்ற?"

"நான் கொற சொன்னேனா? அந்தத் தொப்பைக்காரத் தலைவரு மூஞ்சியப் பாத்துட்டே இருந்தேன். கலியாணம் கட்டி பதிமூணு வருஷத்துல நீங்க எங்கிட்டகூட இவ்வளவு பேசினதில்ல." சட்டென்று நிறுத்தினாள். "அவதான் வாயே தொறக்கல."

மருதமுத்து மகளிடம் போய் உட்கார்ந்தார். அவள் பூகோளப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள், பக்கம் திருப்பவில்லை.

"கமலவேணி இனிமே எம்பக்கத்துல உக்கார மாட்டா," என்றாள்.

உக்காருவா என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. அது பொய்யாகப் போகலாம். அதனால் சொல்லவில்லை.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போறியாம்மா?"

"போகாம?" என்றாள் வெடுக்கென்று. அவ்வளவுதான் பேச்சு.

மெர்டேக்கா அன்று பட்டணம் முழுக்க ஊர்த் திடலுக்குப் போனது. பாச்சிக் வாளி லோரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, முன்கண்ணாடிக்கு மேல் புதுக்கொடி ஒன்றைக் கட்டினார். சுதந்திரம் எல்லாருக்கும்தானே என்று மலாயில் சொன்னார். யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மருதமுத்து பழைய வழிக்குத் திரும்பினார். பள்ளியின் சின்னக் கதவுகளுக்கு எண் கொடுத்தார்கள்: எண்ணூற்று எழுபத்தொன்று, எண்ணூற்று எழுபத்திரண்டு. வெள்ளைச் சாயம் வாங்கி அவரே எழுதினார். பிறகு பாச்சிக்கிடம் ஒரு சகாயம் கேட்டார். பள்ளியை முதலாவதாக எடுத்துவிடுவோம், பிள்ளைகள் வருவதற்குள் முடித்துவிடலாம். பாச்சிக் காரணம் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்.

அப்படியே இரண்டு வாரம் ஓடியது. பெண்பிள்ளைகள் உள்ளே போகிறார்களா என்று வாளியைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். போகவில்லை. பாதிக்கும் பாதிகூட இல்லை. கோகிலா ஒருத்தி, இன்னும் ஓரிருவர். வீட்டில் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் நடுவில் ஒருநாள் விடியுமுன் பிடித்த மழை விடவில்லை. ஆற்றோரத்தில் லோரிச் சக்கரம் சேற்றில் இறங்கி, இரண்டு பேருமாகப் பலகை கொடுத்துத் தூக்கிவிட்டு வருவதற்குள் மழையும் விட்டது, வெயிலும் ஏறியது. பள்ளிச் சந்துக்குள் மருதமுத்து நுழைந்தபோது மணி பத்தாகிவிட்டது. முதல் கதவைத் தூக்கி வாளியை மாற்றினார். இரண்டாவதற்குக் குனிந்தபோது இடைவேளை மணி அடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் காலடிகள் ஓடி வந்து நின்றன. அவர் அசையாமல் குந்தியிருந்தார். கதவைத் தூக்கினால் கீல் சத்தம் போடும்.

"நீ போ மொதல்ல."

"நான் மாட்டேன்பா. நீ போ."

"எனக்கு வரல."

"பொய்யி! அப்பறம் ஏன் ஓடி வந்த?"

கொல்லென்று சிரிப்பு. பிறகு ஒரு குரல், அது கமலவேணி. "அது அவங்கப்பா தொட்ட வாளிடி."

மருதமுத்துவின் கை ஈரச் சுவரில் ஊன்றியிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போனால் சேற்றில் கால் சளக் என்று கேட்கும்.

"தொட்டா என்ன?" என்றது இன்னொரு குரல். வீட்டில் இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. "எங்கப்பா பின்பக்கம் வர்றாரு. நீ முன்பக்கம் போற. நடுவுல சுவரு இருக்கு. ஒனக்கு எங்க ஒட்டுது?"

"சீ."

"என்ன சீ? ஒங்க வீட்டு வாளியையும் எங்கப்பாதான் எடுக்கறாரு. அங்க மட்டும் தெனம் எப்படிப் போற? மூக்கப் பிடிச்சுக்குவியா?"

"எங்க வீட்டுக்கு வேற ஆளு வரும்!"

"வேற ஆளே கெடையாது. காஜா பெராங் பூராவும் எங்கப்பாதான்."

ஊரில் பாதி தன் அப்பாவுக்குச் சொந்தம் என்று பணக்காரப் பிள்ளைகள் சொல்வார்களே, அந்தத் தோரணையில் சொன்னாள். அப்புறம் மிகச் சின்னக் குரல் ஒன்று, ஒன்றாம் வகுப்பாக இருக்கும், அழுகை கலந்து வந்தது.

"அக்கா, எனக்கு அவசரம்."

"நீ வாடி. இந்தக் கதவுல போ. கொக்கி எட்டுதா? எட்டலைன்னா விடு, நான் வெளிய பிடிச்சுக்கறேன். அடுத்தது யாரு? வரிசையா நில்லுங்க. தள்ளக் கூடாது."

காலடிகள் கலைந்து வரிசையாயின. சந்து முனையில் பாச்சிக் ஹாரன் அடித்தார். ஒருமுறை, பொறுத்து, இன்னொருமுறை.

"அப்பா!" என்று கோகிலா குரலை உயர்த்தினாள். "மொத வாளி புதுசா இருக்கு, ரெண்டாவதையும் மாத்திட்டுப் போங்க, அங்க யாரும் இல்ல. பாச்சிக் ஹாரன் அடிக்கிறாரு. இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன்."

வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள்.

"சரிம்மா," என்றார்.

இரண்டாம் கதவைத் தூக்கினார். பித்தளைக் கீல் கிரீச்சிட்டது, கிரீச்சிடட்டும் என்று விட்டார். வாளியை மாற்றி, கதவைத் தானாக விழ விட்டு, இரண்டு கையிலும் சுமையோடு சந்தில் நடந்தார்.

பாச்சிக் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த அதட்டல் சந்து முனைக்கே கேட்டது. யார் அந்தப் புது வாத்தியாரம்மா என்று மலாயில் கேட்டார்.

"அனாக் சாயா," என்றார் மருதமுத்து. என் மகள்.

வாளிகளை லோரியின் அறைக்குள் தள்ளித் தாழ் போட்டுவிட்டுப் படியில் ஏறி நின்றுகொண்டார். லோரி நகர்ந்தது. அன்றைக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது.